பதினாறு ஜிபி மெமரி

எங்கள் வீட்டில் யாருக்கும் கோபம் வாய் வரைக்கும் வருவதில்லை. வழியிலேயே கையில் இறங்கிவிடும். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் அப்பா சுப்பராயலுவின் தட்டு பறக்கும். தட்டு பறந்த பிறகுதான் உப்பு என்ற வார்த்தை வரும். அண்ணன் புகழ்வேந்தன் அவரைவிட ஒரு படி மேல். தட்டையெல்லாம் வீணாக்க மாட்டான், நேராக ஆள்தான். கரும்பு லோடு அடிக்கும் டிராக்டர் ஓட்டுகிறான். ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் வரைக்கும் அவன் கை படாத கன்னம் குறைவு. அம்மா தனக்கொடியின் கன்னமும் என் கன்னமும் அந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை, அது வீட்டுச் சமாசாரம்.

என் பெயர் அருள்மொழி. பெயருக்கும் வீட்டுக்கும் ஒட்டவே ஒட்டாது. பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கி, கட்டடக்கலை படிக்கச் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் பிடித்தேன். ஐந்து வருஷப் படிப்பு, ஹாஸ்டல். விதவிதமாக வீடு வரைய வேண்டும் என்ற ஆசையில் இந்தப் பெண் சேர்கிறது என்று ஊரில் நினைத்தார்கள். ஆசை இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் என் கண் அந்த ஐந்து வருஷத்தின் மேல்தான். ஐந்து வருஷம் யார் கைக்கும் எட்டாத இடத்தில் படுத்துத் தூங்கலாம். 

அப்பா சம்மதித்ததே அதிசயம். சித்தப்பா மகள் நர்சிங் படிக்கப் போய்விட்டாள், நம் வீட்டுப் பெண் அதைவிடப் பெரிய படிப்புக்குப் போக வேண்டும் என்ற வீம்பு. முதல் வருஷ ஃபீஸைக் கட்டிவிட்டார். லேப்டாப்புக்கும் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரே தடவதான் வாங்குவேன். அப்பறம் இது பத்தல, அது ஓடலன்னு ஒரு போன் வந்துதுன்னு வெச்சிக்கோ, மூட்டையக் கட்டிக்கினு வூட்டுக்கு வந்துடணும். சொல்லிட்டேன்."

ஆகவே தப்பான லேப்டாப் வாங்கினால் எனக்குத் திரும்ப இந்த வீடுதான்.

கல்லூரியிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். மெமரி குறைந்தது 16 ஜிபி, ஸ்டோரேஜ் 512 ஜிபி என்று அதில் போட்டிருந்தது. கூடவே ஒரு சீனியர் அக்காவின் வாய்ஸ் மெசேஜ். "எட்டு ஜிபி வாங்கிட்டு வந்து அழாதீங்கடி. பெரிய மாடல் ஒண்ணைத் திறந்தா மிஷின் அப்படியே நின்னுடும். அப்புறமா கூட்டிக்கலாம்னும் நினைக்காதீங்க. இப்ப வர்ற நிறைய லேப்டாப்ல ரேம் போர்டோட ஒட்டியே வருது, கழட்ட முடியாது." அதை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

என் போனைப் பிடுங்கி அந்தத் தாளைப் படித்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பதினாறு ஜிபி மெமரியா? என் போன்லயே நூத்தி இருவத்தெட்டு மெமரி கீது. அதுவே மாசத்துக்கு ஒரு தடவ ஃபுல்லாயிப் போவுது. பதினாற வெச்சிக்கினு இன்னாடி பண்ணுவாங்க உன் காலேஜில? வெண்டைக்காயி வளப்பாங்களா?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் மெமரி என்றால் ஒரே அர்த்தம்தான். படம், பாட்டு, கல்யாண வீடியோ போட்டு வைக்கிற இடம். மெமரி கார்டு, மெமரி ஃபுல், மெமரி காலி பண்ணு. ரேமையும் மெமரி என்பார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நானே அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டபிறகுதான் தெரிந்துகொண்டேன். தாளைப் பார்த்து அவன் சிரித்தது வெறும் அறியாமை. அதற்குப் பிறகு செய்ததற்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வில்லியனூர் கடைத்தெருவில் தமீம் அன்சாரி என்பவர் கடை வைத்திருக்கிறார். செல்போன், லேப்டாப் விற்பனை, ரிப்பேர். சேற்றில் விழுந்த போனை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் ஓடுவார்கள். நாற்பது வயது இருக்கும். குரலே உயராத மனுஷர். அண்ணன் என்னை பைக்கில் உட்கார வைத்து அங்கேதான் கூட்டிப்போனான்.

"பாய், தங்கச்சிக்கு ஒரு லேப்டாப்பு. மெமரி ஆயிரம் இருக்கணும். மத்தது எது எப்படி இருந்தாலும் கவல இல்ல."

தமீம் பாய் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா படிக்கப் போறம்மா?" என்று கேட்டார். சொன்னேன். தாளையும் காட்டினேன். இரண்டு லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றில் ரேம் பதினாறு, ஸ்டோரேஜ் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. இன்னொன்றில் ரேம் எட்டுதான், ஸ்டோரேஜ் ஆயிரம். இரண்டும் ஒரே விலை.

"ஒரே வெலைக்கு ஒண்ணு ஐந்நூறு, ஒண்ணு ஆயிரம். எந்த மடையன் பாய் ஐந்நூற எடுப்பான்?" என்று அண்ணன் ஆயிரத்தின் மேல் கை வைத்தான்.

"தம்பி, உங்க வூட்டுல நெல்லு போடறீங்கதான? நீ சொல்ற ஆயிரம் வந்து குடோனு. பாப்பா கேக்கறது களம். குடோனு எம்மாம் பெருசா இருந்தா இன்னா, களம் சின்னதா இருந்தா நெல்லக் கொட்டிக் காய வெக்க முடியுமா? அவங்க படிப்புக்குக் களம்தான் பெருசா வேணும்."

இவ்வளவு தெளிவாக எந்த வாத்தியாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். "அண்ணா, அதத்தான் மெமரின்னு போட்டிருக்காங்க. நீ சொல்றது ஸ்டோரேஜி" என்றேன்.

அறை விழுந்தது. காதுக்குள் விசில் ஊதியது. பக்கத்தில் சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"கடையில வெச்சி எனக்குப் பாடம் நடத்துறியாடி நீ?"

தமீம் பாய் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, தம்பி, பொம்பளப் புள்ளைய இப்படி..."

"உன் வேலையப் பாரு பாய். பில்லப் போடு. ஆயிரம்னு தெளிவா எழுது."

எழுதினார். அண்ணன் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றி வைக்கிறேன், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாய் சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மறுநாள் அண்ணனுக்குக் கரும்பு லோடு. நான் மட்டும் சைக்கிளில் போனேன். கன்னம் வீங்கியிருந்தது, துப்பட்டாவால் மூடியிருந்தேன். கடையில் பாயைத் தவிர யாரும் இல்லை.

"பாய், ரெண்டும் ஒரே வெலதான?"

"ஆமாம்மா."

"எனக்கு அந்தப் பதினாற மாத்திக் குடுங்க."

அவர் கையிலிருந்த சின்ன ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "மாத்தறதுல ஒண்ணுமில்ல. அண்ணனுக்கு ஒரு போன் போட்டு..."

"வாணாம் பாய்."

"அப்ப பில்லயாவது வேற எழுதித் தரேன்."

"பில்லும் அப்படியே இருக்கட்டும். எங்கண்ணன் பில்லதான் பாக்கும், மிஷினப் பாக்காது."

"பில்லு ஒண்ணு, சரக்கு ஒண்ணு, இந்த மாதிரி நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் குடுத்தது இல்லம்மா."

நான் அழுதேன். அழுதால் காரியம் ஆகும் என்று தெரிந்தேதான் அழுதேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துப்பட்டாவை விலக்கிக் கன்னத்தையும் காட்டினேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பிறகு பதினாறு ஜிபி லேப்டாப்பை எடுத்து ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஒன்பது நாள். என் ஆயுசில் அப்படி ஒன்பது நாள் இருந்ததில்லை. வரைகிற சாஃப்ட்வேரைப் போட்டு, எங்கள் வீட்டையே அளந்து மாடல் செய்து பார்த்தேன். சுவர், ஜன்னல், மாட்டுக் கொட்டகை, பின்னால் இருக்கும் போர் செட்டு, எல்லாம். ஒரு இடத்தில்கூட மிஷின் திணறவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தேன். வீடு என்னவோ அதில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, உள்ளே ஆள் இல்லாததால்.

பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை நான் கல்லூரியில் சேர வேண்டும். மதியம் அண்ணன் ஒரு பென் டிரைவோடு வந்தான். தேர்த் திருவிழாவை அவன் கூட்டாளிகள் ட்ரோன் வைத்து எடுத்த வீடியோ.

"ஆயிரம் வாங்கிக் குடுத்துகீறேனே, அதுல ஒரு ஓரமா எடம் குடுடி" என்று லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டான். நல்ல மூடில்தான் இருந்தான். பென் டிரைவைச் செருகினான். எங்கே போடலாம் என்று தேடினான். பிறகு திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தான்.

"நானூத்தி எழுவத்தாறுன்னு கீது. இன்னாது இது?"

ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று விற்கிற மிஷின் திரையில் நானூற்று எழுபத்தாறு என்றுதான் காட்டும். கணக்கு போடும் விதத்தில் வரும் வித்தியாசம், எல்லா மிஷினிலும் உண்டு. எனக்கு அது தெரியும். ஆனால் வாயைத் திறந்து அதைச் சொன்னால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எப்படி வந்தது என்று கேட்பான்.

"தெரியலண்ணா" என்றேன்.

"ஆயிரத்துல பாதிக்கு மேல காணோம்டி! பில்லுல ஆயிரம்னு எழுதி வாங்கிகீறேன். மிஷின்ல நானூத்தி எழுவத்தாறு. நல்லா ஏமாத்திட்டான் அந்தாளு. என்னையே!"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனுக்குத் தாங்கவில்லை. லேப்டாப் மாறிப் போனதோ நான் ஏமாந்து போனதோ அவனுக்குப் பெரிதில்லை. என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பைக்கில் ஏற்றினான். லேப்டாப் பை என் மடியில். பில் அவன் சட்டைப் பையில். ஒதியம்பட்டு ரோட்டில் அவன் ஓட்டிய வேகத்துக்கு, எதிரே வந்த மாட்டு வண்டி வயலில் இறங்கியது. வழியெல்லாம் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள்ளே அடித்துக்கொண்டது. வில்லியனூர் வந்துவிட்டது, நான் சொல்லவில்லை.

தமீம் பாய் தொழுகைக்குப் போய்விட்டு வந்து அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி இன்னும் அவர் கையில் இருந்தது. அண்ணன் பைக்கை ஸ்டாண்டுகூடப் போடவில்லை, அப்படியே சாய்த்துவிட்டு இறங்கினான். பைக்கோடு நானும் சாய்ந்தேன். லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"வா தம்பி" என்றார் பாய். வார்த்தை முடிவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. கன்னத்தில் இல்லை, மூக்கில், மூடிய கையால். அவர் தலை பக்கவாட்டில் திரும்பி ஷட்டர் சட்டத்தில் போய் மோதியது. புருவம் பிளந்து ரத்தம் வெள்ளைச் சட்டைமேல் கொட்டியது. கம்பி கீழே விழுந்து உருண்டது. அண்ணன் அதைக் குனிந்து எடுத்தான்.

"ஆயிரம்னு எழுதிக்கினு நானூத்தி எழுவத்தாறு குடுக்கறியா? யாருன்னு நெனச்சடா என்ன?"

இரண்டாவது அடி தோளில் இறங்கியது. பாய் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் அண்ணனைத் தாண்டி என்னைத் தேடியது. என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். இந்தப் பெண் சொல்லித்தான் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பி வேறு பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை.

"தப்பு என்னோடதுதான் தம்பி. சரக்கு மாறிப் போச்சி. மாத்திக் குடுத்துடறேன். அடிக்காத."

எனக்கு அப்போது என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. நான் தப்பித்தேன் என்கிற நிம்மதி. இதை எழுதும்போது என் மூஞ்சியிலேயே துப்ப வேண்டும்போல் இருக்கிறது. அந்த மனுஷர் மேஜையைப் பிடித்து எழுந்து, அலமாரியிலிருந்து அந்த ஆயிரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் மூன்றாவது அடி அந்தக் கைமேல் விழுந்தது. விரல் எலும்பு உடைகிற சத்தம் சுள்ளி உடைவதுபோல்தான் இருந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் கத்தியதுதான் தெரு முழுக்கக் கேட்டது. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். அண்ணன் கூட்டத்தைப் பார்த்துப் பில்லை உயர்த்திக் காட்டினான். "எழுத்துல கீது பாருங்க. ஆயிரம். என் தங்கச்சிதான் வாங்கிக்கினு வந்தா. சொல்லுடி, இந்தாளு உன்கிட்ட ஆயிரம்னு சொல்லித்தான குடுத்தான்? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

எதிரில் உரக்கடை வைத்திருக்கும் நடேசன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். எங்கள் அப்பாவுக்குப் பழக்கமானவர், நல்லவர் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

"இவனுங்க கடையில போயி இன்னாத்துக்குடா வாங்குறீங்க? நாலு பசங்களுக்கு போன் போடு. கடைய இழுத்து மூடிட்டுத்தான் மறுவேல."

சிலர் ஆமாம் என்றார்கள். ஒருத்தன் நிஜமாகவே போனைக் காதில் வைத்தான். பாய் சுவரில் முதுகை ஒட்டி நின்று, உடைந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, இப்போது அண்ணனைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். அடிக்குக்கூட அவர் அப்படிப் பயப்படவில்லை. அந்தப் பயத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் ஒரு பொய்க்கு இந்தக் கடையே எரியும், இவர் தெருவே எரியும். நான் திங்கட்கிழமை ஹாஸ்டலில் படுத்துத் தூங்குவேன்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்!" என்று கத்தினேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். "ஆயிரம் எனக்கு வாணாம்னு நான்தான் அழுது மாத்திக்கினேன். பில்ல மாத்த வாணாம்னும் நான்தான் சொன்னேன். பாய் மேல ஒரு தப்பும் இல்ல. நடேசன் மாமா, கேட்டுச்சா? போன கீழ வெக்கச் சொல்லுங்க."

 போனைக் காதில் வைத்திருந்தவன் அதை இறக்கிவிட்டான். நடேசன் எதையோ முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

அண்ணன் என்னை நோக்கித் திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கூட்டத்துக்கு நடுவில் உடுப்பு அவிழ்ந்துவிட்ட மாதிரி ஒரு அவமானம்தான் இருந்தது. அதுதான் ஆபத்து. கோபமாக இருந்தால் அவன் ஒரு அடியில் நிறுத்திவிடுவான்.

"இன்னாடி சொன்ன?"

"மெமரின்னா ரேமு. உனக்குத் தெரியல. அவ்ளோதான் விஷயம்."

கம்பி வந்தது. லேப்டாப்பை அணைத்திருந்த வலது முன்கையில் விழுந்தது. உள்ளே எதுவோ விலகியது. கண் முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போனது. கையை எடுத்தால் அடுத்த அடி லேப்டாப்பில் விழும் என்று தெரியும், எடுக்கவில்லை. இரண்டாவது அடியும் அதே கையில். லேப்டாப் பை நழுவித் தரையில் விழுந்தது. அவன் அதை உடைக்கக் கம்பியை ஓங்கினான்.

அவன் மணிக்கட்டைக் கடித்தேன். ஏதோ தற்காப்புக்குக் கடித்தேன் என்று சொல்ல மாட்டேன். பல் பதிந்து, தோல் கிழிந்து, வாயில் உப்புக் கரிக்கும்வரை கடித்தேன். அவன் இடது கையால் என் தலையில் குத்தினான், முடியைப் பிடித்து இழுத்தான், கத்தினான். விடவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவன் வலியில் கத்தி நான் கேட்டதே இல்லை. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. நானும் அந்த வீட்டுப் பெண்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கம்பி கீழே விழுந்த பிறகு நாலைந்து பேர் சேர்ந்து எங்களைப் பிரித்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள் என்று கேட்காதீர்கள், அங்கேயேதான் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள், முழங்கையிலிருந்து விரல் நுனிவரைக்கும். பக்கத்து பெஞ்சில் தமீம் பாய். புருவத்தில் எட்டுத் தையல். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற விரல்கள்.

"மன்னிச்சிடுங்க பாய். என்னாலதான்."

"பில்லு எழுதுனது என் கைம்மா" என்றார். பிறகு என் மடியில் இருந்த லேப்டாப் பையைக் காட்டி, "அது கீழ வுழுந்துச்சே, ஓடுதா பாரு" என்றார். இடது கையால் திறந்து காட்டினேன். ஒரு மூலை நசுங்கியிருந்தது. திரையில் எங்கள் வீடு வந்து நின்றது. அவர் தலையாட்டினார். "மூலைதான போயிருக்கு. பரவால்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் கம்ப்ளெயின்ட்டு குடுக்கலம்மா. நாளைக்கு இதே தெருவுல நான் கடை தெறக்கணும்."

எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது. இந்தத் தடவை காரியத்துக்காக அல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சாயந்தரம் எல்லாரும் ஸ்டேஷனில் இருந்தோம். அண்ணன் சுவரோரப் பெஞ்சில், மணிக்கட்டில் பஞ்சு சுற்றிக்கொண்டு. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் கை கட்டி நின்றார். அம்மா கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனாலும் அவள் இடம் அதுதான்.

"அண்ணன் தங்கச்சி சண்ட சார். அவ தவறி வுழுந்துட்டா" என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "கடைக்காரர் எதுவும் வேணாம்னு சொல்லிட்டார். நீயும் வேணாம்னா வீட்டுக்குப் போலாம். கொடுக்கறதுன்னா எழுதிக்கறேன். இன்னாம்மா சொல்ற?"

"கொடுக்கறேன் சார். பாய அடிச்சது, என்ன அடிச்சது, ரெண்டுமே எழுதுங்க. நான் பாத்தேன்."

அப்பா திரும்பினார். ஸ்டேஷன் என்பதால் கை வரவில்லை, வார்த்தைதான் வந்தது. "கையெழுத்துப் போட்டீன்னா அடுத்த வருசம் ஃபீஸ்னு என்கிட்ட வராத. வூட்டு வாசப்படியும் மிதிக்காத."

நான் யோசித்தேன். வீரமாக உடனே பதில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நிஜமாகவே யோசித்தேன். முதல் வருஷம் கட்டியாயிற்று. இரண்டாம் வருஷம் இல்லை. மூன்றாம் வருஷம், நான்காம் வருஷம், எதுவும் இல்லை. நான் சுவரில் ஒட்டி நின்ற பாயை நினைத்தேன். மூன்று அடி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றிய படிப்பு அது. அதையே இன்னொரு தடவை வாயை மூடிக் காப்பாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"எழுதுங்க சார்" என்றேன்.

கான்ஸ்டபிள் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். பேனாவை நீட்டினார். வலது கை மாவுக்கட்டுக்குள் இருந்தது. இடது கையால் வாங்கிப் பார்த்தேன், பேனா விரலில் நிற்கவே இல்லை.

"பரவால்ல, கைநாட்டு வெச்சிடும்மா" என்று மை டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

பெஞ்சிலிருந்து அண்ணன் சிரித்தான். "அஞ்சு வருசம் காலேஜு படிக்கப் போறா. கைநாட்டு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.  மையில் வைத்த கட்டைவிரலைத் தாளுக்குக் கொண்டுபோவதற்குள் மேஜையில் இரண்டு இடத்தில் தீற்றிவிட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அம்மா. தடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையை இழுத்தேன். அவள் விடவில்லை.

"தனக்கொடி, போயி உக்காரு" என்றார் அப்பா.

அவள் காதில் வாங்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவள் அவள். ரேஷன் கடையிலும் பேங்க்கிலும் நூறு நாள் வேலையிலும் விரலை வைத்தே பழகியவள். என் கட்டைவிரலைப் பிடித்து மையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருட்டினாள். அதிகமான மையை முந்தானையில் ஒற்றினாள். பிறகு தாளில், என் பெயருக்கு மேல், அழுத்தினாள்.

"ஆட்டாத. மொத்தமா வுழுவணும். பாதி வுழுந்தா செல்லாதுன்னுடுவாங்க."

முழுசாக விழுந்தது. ஒவ்வொரு கோடும் தெரிந்தது. கான்ஸ்டபிள் தாளை எடுத்துக்கொண்டு மை டப்பாவை மூடப் போனார். அம்மா அந்த டப்பாவின் மேல் கையை வைத்துத் தடுத்தாள். தன் கட்டைவிரலை அதில் நன்றாக உருட்டினாள். அப்பாவை அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"சார், எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க" என்றாள்.